உள்ளேயா, வெளியேயா? சாதியை மறுத்த சமயங்களும் இந்து மதமும்

புத்தரின் 2500ஆவது பரிநிர்வாண ஆண்டு என்று 1956இல் இந்திய அரசு விழா எடுத்தது. அதையொட்டி அரசின் வெளியீட்டுப் பிரிவு கொண்டுவந்த பெரிய தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர் அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். புத்தர் தாம் ஒரு புது மதம் தொடங்குவதாக நினைக்கவில்லை, அவர் பிறந்ததும் வளர்ந்ததும் மறைந்ததும் இந்துவாகத்தான் என்று அதில் எழுதினார். அதே ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். அன்று எடுக்கப்பட்ட 22 உறுதிமொழிகளில் ஒன்று, புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை ஏற்கமாட்டேன் என்பது.

இருவருமே புத்தரைப் போற்றியவர்கள். ராதாகிருஷ்ணன் தம்மபதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பதிப்பித்தவர். புத்தர் பெரியவரா என்பதில் அவர்களுக்குள் வழக்கில்லை; அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதில்தான் வழக்கு. சாதியை மறுத்து எழுந்த ஏறக்குறைய எல்லாச் சமய இயக்கங்களுக்கும் இந்த நாட்டில் இதே வழக்கு வந்திருக்கிறது. ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்தது திருத்தணியில் என்பதால், பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து எழுதும் எனக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர். ஆனாலும் இந்த வழக்கில் நான் அவர் கட்சியில் இல்லை. முழுக்க எதிர்க்கட்சியிலும் இல்லை. ஓர் இயக்கம் இந்து மதத்துக்கு உள்ளே நின்றதா, வெளியே போனதா என்பதை வைத்து அதன் சாதி எதிர்ப்பை அளக்க முடியாது என்பது என் கட்சி. அது யாரை யாரோடு பந்தியில் உட்கார வைத்தது, யாருக்கு யாரைக் கட்டிக்கொடுத்தது, செத்தவரை எந்த வழியாக எங்கே கொண்டுபோனது என்ற மூன்றையும் பார்த்தால் போதும்.

பொதட்டூர்பேட்டை பள்ளிப்பட்டு வட்டத்துப் பேரூராட்சி, நெசவு ஊர். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது வட ஆற்காட்டிலிருந்து அதோடு போன திருத்தணிப் பகுதி, ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்நின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சமயம் இங்கே இன்றும் இரண்டு மொழியில் நடக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்துத் திருத்தணிக்கு நடக்கிறவர்கள்தான் கங்கையம்மன் ஜாத்திரைக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். புரட்டாசியில் தாசரிகள் நாமம் தரித்துச் சேகண்டி தட்டி வருகிறார்கள். தறி ஓடும் வீடுகள் சிலவற்றில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் முக்காடிட்ட வெள்ளை ஆடையில் வள்ளலார் இருக்கிறார். காலனிக்குள் திரும்பும் இடத்தில் நீலக் கோட்டு அம்பேத்கர் விரல் நீட்டி நிற்கிறார். அருகில் சில இடங்களில் ஒரு சிறிய புத்தரும் உண்டு. இந்தக் கட்டுரையில் வருகிறவர்களில் பாதிப் பேரை இப்படித் தெருவிலேயே பார்த்துவிடலாம்.

தணிகை மலைக் கதையிலேயே ஒரு கலப்பு மணம் இருக்கிறது. தேவசேனாபதி கட்டிக்கொண்டது வள்ளிமலை வேடர் வீட்டுப் பெண்ணை. ஆண்டுதோறும் கல்யாண உற்சவம் நடக்கிறது. மஞ்சள் கயிறு வாங்கிவந்து பெண்கள் கட்டிக்கொள்கிறார்கள். ஆனால் சாதி மாறிக் காதலித்து ஓடிப்போன பிள்ளைகளுக்காக ஊர்ப் பஞ்சாயத்தில் வள்ளி கல்யாணத்தை முன்னுதாரணமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சாமிக்கு ஒரு நியாயம், மனுசருக்கு ஒரு நியாயம். பக்தி இயக்கத்தின் சாதி எதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பக்தி மரபில் இந்தப் பக்கத்துக்காரர் ராமானுசர், ஸ்ரீபெரும்புதூர். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும், அவர் மந்திரத்தை எல்லாருக்கும் சொன்ன திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறிவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் வீட்டு அடுப்பங்கரைக் கதை. பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி பிராமணர் அல்லர். அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்று ராமானுசர் அவரை விருந்துக்கு அழைக்கிறார். நம்பி வந்து சாப்பிட்டுப் போனதும், ராமானுசரின் மனைவி மிச்சத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு இடத்தை மெழுகிக் குளித்துவிடுகிறார். குருபரம்பரைக் கதைகள் சொல்வது இது. தத்துவத்தில் தீர்ந்துபோன சாதி சமையலறையில் தீராமல் நின்றதை வைணவ மரபே தன் கதைக்குள் ஒளிக்காமல் வைத்திருக்கிறது. தென்கலை ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில், அடியாரின் பிறப்பை ஆராய்வது கொடும் பாவம் என்ற எல்லைவரை போனார். வடகலை மரபோ, அடியாருக்கு மரியாதை உண்டு, ஆனால் சாதி உடம்போடு ஒட்டியது, உடம்பு இருக்கும்வரை போகாது என்றது. இவ்வளவு கூர்மையாகத் தொடங்கிய விவாதம் பிற்காலத்தில் காஞ்சிபுரத்துக் கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்ற வழக்காகச் சுருங்கியது. நடுவில் பூணூல் சாத்தாத வைணவர்கள் என்று ஒரு கூட்டம் உருவானது. பூமாலை கட்டி, கைங்கரியம் செய்து, பிறப்பை மறுத்த அடியார் கூட்டமாக வாழ்ந்தவர்கள். தெலுங்கு நாட்டில் அவர்களுக்குச் சாத்தானி என்று பெயர். இன்று அது சாதிப் பட்டியலில் ஒரு சாதி.

நந்தனார் கதைக்கு நிறைய இடம் தர வேண்டாம். சேக்கிழார் அவரைத் தீயில் இறக்கித்தான் தில்லைக்குள் அனுப்பினார். உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை.

மூன்று சோதனையிலும் ஒருசேரத் தேறிய இயக்கம் என்றால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாண நகரத்தில் பசவண்ணர் நடத்தியதைத்தான் சொல்வேன். பிஜ்ஜள மன்னனின் பண்டாரத்தைப் பார்த்துக்கொண்ட அதிகாரி அவர். கோயில் இலிங்கத்தை விட்டு, கழுத்தில் தொங்கும் இஷ்டலிங்கத்தைக் கொடுத்தார். கோயிலும் பூசாரியும் தேவையற்றுப் போனார்கள். தீட்டு இல்லை. கைம்பெண் மறுமணம் உண்டு. இறந்தவரை உட்கார்ந்த நிலையில் புதைத்தார்கள். கடைசியில், தோல் வேலை செய்த ஹரளய்யாவின் மகனுக்குப் பிராமணரான மதுவரசரின் மகளைக் கட்டிக்கொடுத்தார்கள். அதுவரை பொறுத்துக்கொண்ட அரசு அங்கே பொறுக்கவில்லை. இரண்டு சம்பந்திகளும் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள், சரணர்கள் சிதறினார்கள். சிதறிய கதைகள் பால்குரிகி சோமநாதரின் பசவ புராணம் வழியாகத் தெலுங்கிலும், துறைமங்கலம் சிவப்பிரகாசர் போன்றோர் வழியாகத் தமிழிலும் பரவின.

ஆனால் இந்த இயக்கமும் சில நூற்றாண்டுகளில் ஜங்கமர், பணஜிகர், பஞ்சமசாலி, காணிகர் என்று தனக்குள் தட்டுகளை அடுக்கிக்கொண்டது. 2018 மார்ச்சில், நாகமோகன் தாஸ் குழுவின் பரிந்துரையை ஏற்று லிங்காயத்துகளைத் தனி மதச் சிறுபான்மையினராக அங்கீகரிக்கும்படி கர்நாடக அமைச்சரவை மத்திய அரசைக் கேட்டது. மத்திய அரசு மறுத்தது. வீரசைவ மடங்கள் பலவும் அதை எதிர்த்தன. விவாதம் முழுக்க வேதத்தை ஏற்பதா இல்லையா, சிறுபான்மைத் தகுதி வந்தால் என்ன கிடைக்கும் என்பதில் ஓடியது. ஹரளய்யாவின் வழிவந்தவர்கள் இன்று யாரோடு சம்பந்தம் செய்கிறார்கள் என்ற கேள்வி அந்தப் பரபரப்பில் எங்கும் பெரிதாகக் கேட்கவில்லை. தனி மதமாகிவிட்டாலே சாதி போய்விடாது என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேட வேண்டியதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கத்தில் தமிழ் வாசகர்கள் அதிகம் கேள்விப்படாத இருவர். ஒருவர் கடப்பைச் சீமையில் கந்திமல்லாயபள்ளியில் வாழ்ந்த போதுலூரி வீரபிரம்மம். விசுவகர்மர் மரபினர், அவருடைய முதன்மைச் சீடர் சித்தய்யா தூதேகுல முஸ்லிம். ‘பிரம்மங்காரு சொல்லிட்டுப் போனது’ என்று அவருடைய தீர்க்கதரிசன நூலான காலஞானத்தை எடுத்துக்காட்டுகிற பெரியவர்கள் எங்கள் பக்கமும் உண்டு. அவர்கள் எடுத்துக்காட்டுவது வரப்போகும் அதிசயங்களைத்தான், சித்தய்யாவை அல்ல. இன்னொருவர் ஏர்ப்பேட்டில் 1926இல் வியாசாசிரமம் நிறுவிய மலையாள சுவாமி. குருவாயூருக்கு அருகே ஈழவர் குடும்பத்தில் பிறந்து, நாராயண குருவின் சீடர் வழியில் வந்து, திருமலைக் குகையில் பல்லாண்டு தவமிருந்தவர். வேதம் படிக்கப் பெண்களுக்கும் எல்லாச் சாதியாருக்கும் உரிமை உண்டு என்று சாத்திரச் சான்றுகளோடு ‘சுஷ்க வேதாந்த தமோபாஸ்கரம்’ என்ற நூலில் வாதாடி, அப்படியே கற்றும் கொடுத்தார். வேதத்தை மறுக்காமல் வேதத்தின் வாசலைத் திறப்பது அவர் வழி. அந்த வழிக்கும் ஒரு வீரியம் உண்டு என்பதை மறுப்பது நேர்மையாகாது. சமஸ்கிருதம் கற்ற ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து சாத்திரம் பேசுவதைவிட, வேதத்தைத் தூக்கியெறியும் ஆயிரம் பேரைச் சமாளிப்பது வைதீகருக்கு எளிது.

வள்ளலாரிடம் வருகிறேன். திருத்தணிக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு பெருமைக்குரியதும் சங்கடமானதும். சென்னை ஏழுகிணற்றில் அண்ணன் வீட்டில் வளர்ந்த சிறுவன் இராமலிங்கம், தன் அறையில் கண்ணாடியை மாட்டி விளக்கேற்றி உட்கார்ந்தபோது அதில் தணிகை முருகன் தெரிந்தான் என்பது அவர் வரலாற்றின் தொடக்கக் காட்சி. தணிகைமேல் அவர் பாடிய பதிகங்கள் 1880இல் ஐந்தாம் திருமுறையில் அச்சாயின. அந்தப் பாட்டுகள் எங்கள் பக்கத்து வீடுகளில் இன்றும் கிருத்திகைதோறும் ஒலிக்கின்றன. சங்கடம் இதற்குப் பின்னால்தான் வருகிறது.

1873 அக்டோபர் 22ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியேற்றி அவர் ஆற்றிய பேருபதேசம் கிடைக்கிறது. வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எதிலும் இலட்சியம் வைக்க வேண்டாம் என்கிறார். சமயம், மதம், சாதி ஆசாரங்கள் எல்லாம் தடைகள் என்கிறார். தமக்கு முன்பு சைவத்தில் இருந்த பற்று அளவிட முடியாதது, பாடியவையே அதற்குச் சாட்சி, அப்போது அறிவு அவ்வளவுதான் இருந்தது என்று தம் பழைய பாடல்களைத் தாமே கீழ்ப்படியில் வைக்கிறார். தணிகைப் பதிகங்களும் அந்தக் கீழ்ப்படியில் அடங்கும். நாம் பாடுவது அவர் விட்டுவந்த வள்ளலாரை.

இது தற்செயலாக நடக்கவில்லை. 1867இல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளைப் பதிப்பித்த தொழுவூர் வேலாயுத முதலியார் 1880இல் ஐந்தாவதையும் கொண்டுவந்தார். சாதி சமயங்களை நேராகச் சாடும் ஆறாம் திருமுறையை அவர் அச்சிடவில்லை. 1885இல் வேறு அன்பர்கள்தான் அதை வெளியிட்டார்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1869இல் ‘போலியருட்பா மறுப்பு’ எழுதி, விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. நாவலரின் எதிர்ப்பைவிட அன்பர்களின் பக்குவம்தான் வள்ளலாரை அதிகம் மாற்றியது என்று நினைக்கிறேன். எதிரி மறுத்ததைப் படித்துப் பார்க்க முடியும். நண்பர் மறைத்தது கைக்கே வராது.

அவர் விட்டுச்சென்ற நடைமுறைகளைப் பாருங்கள். 1867 மே 23ஆம் தேதி வடலூரில் தருமசாலை தொடங்கியது. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில், சாதி கேட்காமல் சோறு போடும் அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. பந்திச் சோதனையில் முழு மதிப்பெண். சாவு விஷயத்தில் அவர் இன்னும் துணிந்தார். பிணத்தைச் சுடாதீர்கள், புதையுங்கள். கருமாதி, திதி வேண்டாம். கணவன் இறந்தால் மனைவி தாலி வாங்க வேண்டாம் என்றார். புரோகிதரின் வருமானத்திலும் குலத்தின் கௌரவத்திலும் ஒரே நேரத்தில் கை வைக்கும் விதிகள் இவை. படத்தை மாட்டியிருக்கும் வீடுகளில் சாவு விழுந்தால் நடப்பது என்ன என்று எங்கள் பக்கம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பத்தாம் நாள் காரியத்துக்கு ஐயர் வருகிறார், தாலி இறங்குகிறது, அருட்பெருஞ்ஜோதி அகவலும் ஓதப்படுகிறது.

1872 ஜனவரி 25 முதல் வழிபாடு தொடங்கிய சத்திய ஞான சபைக்குள்ளேயே ஆகமப் பூசை நுழைந்தது. 2006இல் அறநிலையத் துறை அதைத் தடுத்து, வள்ளலார் வகுத்தபடி சோதி வழிபாடுதான் நடக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சாதி சமயமற்ற சபை என்று நிலைநாட்டியது நல்ல தீர்ப்பு. ஆனால் அதை நிலைநாட்ட ஓர் ‘இந்து’ அறநிலையத் துறையின் ஆணை தேவைப்பட்டது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புலால் தவிர்த்தவர்கள் மட்டுமே சபைக்குள் போகலாம் என்பது வள்ளலாரே வைத்த விதி. அதன் வேர் உயிரிரக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் நம் ஊர்களில் புலாலுக்கும் சைவத்துக்கும் நடுவில் போடும் கோடு பல இடங்களில் சாதிக் கோட்டின் மேலேயே விழுகிறது. அவர் அதைக் கருதியிருக்கமாட்டார், கோடு விழுகிறது.

வள்ளலாருக்குக் கிடைக்காதது வைகுண்டருக்குக் கிடைத்தது: தன் மக்கள். தெற்குத் திருவிதாங்கூரில் 1809இல் பிறந்து 1851இல் மறைந்த அவருக்குப் பின்னால் நின்றது, தோள்சீலை போடவும் தலைப்பாகை கட்டவும் உரிமையில்லாத சாணார் சமூகம். முத்திரிக் கிணற்றில் பதினெட்டுச் சாதியும் ஒன்றாக நீரிறைத்துக் குளித்தது என்று மரபு சொல்கிறது. துவையல் பந்தியில் கூட்டமாகத் துவைத்து, குளித்து, ஒருவேளை உண்டு தவமிருந்தார்கள். இன்றும் அவர் வழியான ஐயாவழியின் பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போகிறார்கள். மேலோர் முன்னால் முண்டாசை அவிழ்க்க வேண்டியிருந்த காலத்துக்கு அது நேர்ப் பதில். உள்ளே விக்கிரகம் கிடையாது, கண்ணாடிதான். (வள்ளலாருக்குக் கண்ணாடி, 1927இல் களவன்கோட்டில் நாராயண குரு நிறுவியதும் கண்ணாடி. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் செய்ததாகத் தெரியவில்லை. சாமியைத் தூரத்தில் நின்று பார்க்க வைக்கப்பட்டவர்களுக்குத் தோன்றும் முதல் எண்ணம் அதுவாக இருக்கலாம்.) மன்னர் சுவாதித் திருநாள் வைகுண்டரைச் சிறையில் அடைத்தார். லண்டன் மிஷன் பாதிரிமாரோ தங்கள் வேலைக்குக் குறுக்கே நிற்கும் கூட்டமாகத் தங்கள் அறிக்கைகளில் அதைக் குறித்தார்கள்.

ஆனால் 1841இல் எழுதப்பட்ட ஐயாவழி நூலான அகிலத்திரட்டு அம்மானை பேசும் மொழி முழுக்கப் புராண மொழி: நாராயணர், எட்டு யுகம், கலியன். ஐயாவழி தனி மதமா, வைணவத்தின் கிளையா என்று அதை ஏற்பவர்களுக்குள்ளேயே இன்றும் இரண்டு கருத்து இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் இந்துக்களோடுதான் சேர்கிறார்கள். நடைமுறையில் வெளியே, கதையில் உள்ளே. என் அளவுகோலில் இது தோல்வியே இல்லை. புராண மொழி பேசிய வைகுண்டர் முண்டாசு கட்ட வைத்தார். புராணத்தை மறுத்த வள்ளலாரின் அன்பர்கள் கருமாதியைக்கூட விடவில்லை.

நாராயண குரு 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவியபோது, உள்ளே இருந்துகொண்டே உரிமையைக் கையில் எடுத்தார். அவர் பெயரில் 1903இல் அமைந்த எஸ்.என்.டி.பி. யோகம் ஈழவர் அமைப்பாக வளர்ந்தது. 1916இல் தமக்கு எந்தச் சாதியும் மதமும் இல்லை என்று அவர் அறிக்கை வெளியிட வேண்டிவந்தது, தம் அன்பர்களை நோக்கித்தான்.

உள்ளே இருந்து பேசிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தவர் அயோத்திதாசர். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் தம் மக்களுக்குச் சிவன், விஷ்ணு கோயில்களில் இடம் கேட்டார். உங்களுக்கு மதுரை வீரனும் காட்டேரியும் இருக்க, இந்தச் சாமிகள் எதற்கு என்று அவருக்குப் பதில் வந்தது. நீங்கள் எங்கள் மதத்தவர், ஆனால் எங்கள் சாமி உங்களுக்கு இல்லை. இந்த இரண்டு வாக்கியமும் ஒரே வாயில் எப்படி நிற்கும் என்ற கேள்வியோடுதான் அவருடைய மீதி வாழ்க்கை நடந்தது. 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்று, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907 ஜூன் 19 முதல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது.

பௌத்தத்தை வெளியிலிருந்து இறக்குமதி செய்ததாக அவர் எண்ணவில்லை. ஒடுக்கப்பட்டவர்கள்தான் பூர்வ பௌத்தர்கள், மற்றவர்கள் வேஷப் பிராமணரின் தந்திரத்தில் மாறிப்போனவர்கள் என்று தலைகீழாகச் சொன்னார். வள்ளுவர் பௌத்தர், ஔவை பௌத்தர், அம்பிகையம்மன் பௌத்த பிக்குணி, தீபாவளியும் கார்த்திகையும் பௌத்த விழாக்கள். நந்தனார் தீக்குளித்த பண்ணையாள் அல்லர், சூழ்ச்சியால் கொல்லப்பட்ட நந்தன் என்னும் அரசன். வரலாற்று ஆசிரியர்கள் இதில் பாதியை ஏற்கமாட்டார்கள். எனக்கும் பல இடங்களில் சொல்லாராய்ச்சி மூச்சு முட்டுகிறது. ஆனால் அவர் செய்ததன் உத்தி தெளிவானது: புத்தரை அவதாரமாக்கி விழுங்கிய மரபுக்கு, அதன் பண்டிகை நாட்காட்டியையே விழுங்கிக் காட்டினார். அணைத்துக் கரைக்கும் கலையை எதிராளியிடமிருந்தே கற்று எதிராளிமேல் பிரயோகித்த வேறொருவர் நம் வரலாற்றில் இல்லை.

அவர் சங்கம் வேர்விட்டது கோலார் தங்க வயலில். வட ஆற்காடு, சித்தூர் பகுதிகளின் காலனிகளிலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர்கள் அங்கே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் அமைத்தார்கள். எங்கள் பகுதிக் கிராமங்களில் பாட்டனார் ‘கோலார் போனவர்’ என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் வேலை செய்த அந்த மக்களுக்கு ஆண்டையின் தயவு தேவைப்படவில்லை, மாதச் சம்பளம் இருந்தது. கல்யாணத்தைப் பஞ்சசீலத்தோடு நடத்தினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், அப்பாதுரையார் போன்றவர்கள் பத்திரிகை நடத்தினார்கள். சாதியை மறுக்கும் சமயத்துக்குத் தத்துவத்தைவிடக் கூலி முக்கியம் என்று இங்கேதான் தெரிகிறது. நிலக்கிழாரின் வயலுக்கு மறுநாள் போயாக வேண்டியவரால் சாமியை மாற்றிக்கொள்ள முடியாது. தாய்க் கிராமங்களில் அந்தப் பௌத்தம் பரவாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பிறகு சட்டம் வந்தது. இங்கேதான் திருத்தணிக்காரர் மறுபடி வருகிறார். 1947இல் பம்பாய் மாகாணம் ஆலய நுழைவுச் சட்டம் இயற்றியதும், அகமதாபாத் சுவாமிநாராயண் சத்சங்கிகள் நீதிமன்றம் போனார்கள். நாங்கள் இந்துக்களே இல்லை, தனிச் சமயத்தார், ஆகவே அரிசனங்களை எங்கள் கோயிலில் விட வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். தலித்துகளை வெளியே நிறுத்துவதற்காக ஒரு கூட்டமே இந்து மதத்துக்கு வெளியே போகத் தயாராக இருந்தது. 1966 ஜனவரி 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர், இந்து மதத்துக்கு ஒற்றை நபியோ நூலோ கோட்பாடோ இல்லை, அது ஒரு விரிந்த வாழ்முறை என்று எழுதி, அதற்கு ராதாகிருஷ்ணனை மேற்கோள் காட்டினார். எல்லாரையும் உள்ளே இழுக்கும் அந்த வரையறை, புத்தர் விஷயத்தில் எனக்கு எரிச்சலூட்டிய அதே வரையறை, இந்த வழக்கில் தலித்துகளுக்குக் கோயிலைத் திறந்துவிட்டது. ‘வெளியே’ என்று சொன்னால் முற்போக்கு என்று முடிவுகட்டுகிறவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

அதே இழுப்பு எதிர்த் திசையிலும் வேலை செய்தது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் பொருந்தும் என்றது. அண்ணா முதல்வரானதும் 1967இல் கொண்டுவந்த திருத்தம், ஐயரில்லாமல், மந்திரமில்லாமல், மாலை மாற்றிச் செய்யும் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட மதிப்புத் தந்தது. எந்தச் சட்டத்தில்? இந்துத் திருமணச் சட்டத்தில்தான், 7ஏ பிரிவாக, இரண்டு இந்துக்களுக்கு இடையில் நடக்கும் திருமணமாக. பெரியார் அதைப் பதிவேட்டுக் கண்ணோடு பார்த்திருப்பாரா, சிரித்திருப்பாரா என்று யோசிப்பதுண்டு. நாத்திகரின் திருமணமும் உள்ளே வந்துவிட்டது.

இவற்றையெல்லாம்விட அடித்தட்டைத் தொட்டது 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை. இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்று அதன் மூன்றாம் பத்தி சொன்னது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். பௌத்தர்களைச் சேர்க்க 1990 ஆயிற்று. இடையிலிருந்த நாற்பது ஆண்டுகள் தமிழ்ப் பௌத்தத்துக்கு என்ன செய்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டில் புத்தர் படம், கல்யாணத்தில் பஞ்சசீலம், பிள்ளையின் சாதிச் சான்றிதழில் ‘இந்து – ஆதி திராவிடர்’. படிப்பும் வேலையும் அந்தத் தாளில் இருக்கும்போது அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 84 லட்சம் பௌத்தர்கள். அவர்களில் முக்கால்வாசிக்கு மேல் மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டுக் கணக்கு 12,000ஐத் தொடவில்லை. அயோத்திதாசர் பிறந்த மாநிலத்தின் கணக்கு அது. பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவம், இஸ்லாம் போனவர்களுக்கு அந்த வாசல் இன்னும் மூடித்தான் இருக்கிறது. அதை ஆராய 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். மாறியபின்னும் கல்லறையில் தனிச்சுவர் தொடர்ந்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு என்பதால், மதம் மாறினால் சாதி போய்விட்டது என்ற சட்டத்தின் அனுமானத்துக்கு ஊரில் சாட்சி இல்லை.

கோயிலுக்குள் விடாமலே இந்து என்று எழுதிக்கொள்ளும், 1892இல் அயோத்திதாசர் கண்ட பழக்கம் இன்னும் முடியவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித்துகள் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போகக்கூடாது என்று தகராறாகி, அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். திரௌபதி அம்மன் கூத்தும் தீமிதியும் எங்கள் பக்கத்துக்கும் உரியவை. பாரதக் கதையைப் பத்து நாள் கேட்கிற ஊர்கள் இவை. அந்த ஊர்த் தகராறில் மதம் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எந்தத் தெரு என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். இந்த முறை எல்லாருடைய சாதியும் பதிவாகும். மதத்துக்கு ஒரு பத்தி, சாதிக்கு ஒரு பத்தி. சன்மார்க்கிகளில் எத்தனை பேர் இந்து என்பதைத் தவிர வேறு எழுதுவார்கள், ஐயாவழியினர் என்ன எழுதுவார்கள் என்பது பார்க்க வேண்டிய விஷயம். காலனி இளைஞர்களில் சிலர் பௌத்தம் என்று எழுதப்போவதாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் பயப்படுகிறார்கள், சலுகை போய்விடும் என்று. 1990லேயே அந்தத் தடை நீங்கிவிட்டது என்பது இந்தப் பக்கத்தில் இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.